படத்தின் உள்ளே இருப்பது

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிழற்படக் கலைஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நிழற்படக் கலையைப் பற்றியும் என் கண்காட்சிகளைப் பற்றியும் பேசுமாறு பணித்தீர்கள். முப்பது ஆண்டுகள் இருட்டறையில் வாய் திறவாமல் வேலை செய்து பழகியவன் நான். ஆகவே, கண்காட்சி ஒன்றில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு வினாவையும், அதன்பின் என் பணிக்கூடத்தில் நிகழ்ந்த மாற்றத்தையும் மட்டும் சொல்ல விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கழுகுமலைக்குப் பலமுறை சென்று படமெடுத்தேன். எட்டாம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பங்கள் அங்குள்ளதை நீங்கள் அறிவீர்கள். வரிசை வரிசையாக அமர்ந்த தீர்த்தங்கரர்கள், நாகப்படம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், கொடிகள் சுற்றிப் படர்ந்தும் அசையாது நிற்கும் பாகுபலி. உருவங்களின் அடியில், அவற்றைச் செய்வித்தோரின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. உச்சிவெயிலில் பார்த்தால் பாறை தட்டையாகத் தெரியும். சாய்வெயில் படும் சிறுபொழுதில்தான் உருவங்கள் பாறையை விட்டு எழுந்து வருவன போலத் தோன்றும். அந்தச் சிறுபொழுதுக்காக நான் நாட்கணக்கில் காத்திருந்தேன்.

அவ்வாறு எடுத்தவற்றுள் 24 படங்களைத் தேர்ந்து, கறுப்பு வெள்ளையில் என் கையாலேயே அச்சிட்டுக் கண்காட்சி வைத்தேன். மூன்றாம் நாள் மாலை முதிய அம்மையார் ஒருவர் பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று கைகூப்பினார். பாகுபலியின் படத்தருகே வந்ததும் என்னை நோக்கி, “தம்பி, இந்தத் தாள் பளபளவென்று இருக்கிறதே, மேலே என்ன பூசியிருக்கிறது?” என்று கேட்டார்.

“வெள்ளி உப்பு, அம்மா. ஜெலட்டின் என்னும் பசையில் கலந்து பூசியிருப்பார்கள்.”

“அந்தப் பசை எதிலிருந்து வருகிறது?”

விடை எனக்குத் தெரியும். மாணவர்களுக்குப் பலமுறை பாடமாகச் சொன்னதுதான். ஆயினும் அன்று அது தொண்டையில் நின்றது. “மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும், அம்மா” என்றேன். அவர் சினக்கவில்லை. கூப்பிய கையை மெல்லத் தளர்த்தி, சிறிது நேரம் படத்தையே பார்த்து நின்றார். பின்னர் பேத்தியை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெலட்டின் எங்கள் தொழிலுக்குள் வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1850களில் முட்டையின் வெண்கரு பூசிய தாளில் படங்களை அச்சிட்டனர். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டினைப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார். அதன் இயல்பு வியப்புக்குரியது. வெள்ளி உப்பின் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் தாங்கி நிற்கும். தண்ணீரில் கரையாமல் ஊறி, மருந்துநீரை உள்ளே விடும். உலர்ந்தபின் இறுகிப் படத்தைக் காக்கும். பிலிம் சுருள், அச்சுத்தாள், திரைப்படம் யாவும் அதன்மேல் எழுந்தவையே. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டவர்களின் திருவுருவங்களை நானும் அப்பசையின் மேல்தான் பதித்திருந்தேன்.

பிறகு வேறு வழி தேடினேன். பிளாட்டினம் அச்சு முறையில் ஜெலட்டின் பூச்சு இல்லை. படம் தாளின் இழைகளுக்குள்ளேயே தங்கும். ஆனால் அதன் விலை எனக்கு எட்டவில்லை. இறுதியில் 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த சயனோடைப் முறையை வந்தடைந்தேன். பொறியாளர்களின் பழைய நீல வரைபடங்கள் இம்முறையில் உருவானவையே. இரும்பு உப்புக் கரைசல்கள் இரண்டைக் கலந்து தாளில் தடவி உலர்த்த வேண்டும். மேலே நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டி, வெறும் தண்ணீரில் அலசினால் போதும். வெயில் பட்ட இடம் நீலமாகும். படாத இடம் வெள்ளையாகவே நிற்கும்.

இத்துடன் தீர்ந்தது என எண்ணினேன். தீரவில்லை. உயர்வகை ஓவியத் தாள்கள் பலவற்றுக்கு ஜெலட்டின் கஞ்சியே போடுகிறார்கள் என்பதை அறிந்தேன். வாங்குமுன் ஒவ்வொரு தாளைப் பற்றியும் கேட்கலானேன். கரைசலைத் தடவும் தூரிகை விலங்கின் மயிராலானது. அதை விடுத்துக் கண்ணாடிக் கோலால் தடவப் பழகினேன். முதல் ஆண்டு கெட்டுப்போன தாள்களே மிகுதி. கறுப்பு வெள்ளையில் வந்த ஆழ்ந்த கருமையும் நீலத்தில் வாராது. அந்த இழப்பை இன்றும் உணர்கிறேன்.

நான் தூயவனாகிவிட்டேன் என்று கூறவில்லை. என் பழைய நெகட்டிவ்கள் யாவும் ஜெலட்டின் பூச்சு உடையவையே. அவற்றை எறிந்துவிட மனமில்லை. எறிவதால் எவ்வுயிரும் மீளப்போவதும் இல்லை. புதிதாக அவ்வகைப் பிலிமும் தாளும் வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டேன். இப்போது என் கண்காட்சியில் ஒவ்வொரு படத்தின் கீழும் அது எவ்வெப்பொருளால் ஆனது என்று எழுதி வைக்கிறேன். கழுகுமலையில் செய்வித்தோரின் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். என் படங்களின் கீழோ அதுவரை என் பெயர் மட்டுமே இருந்தது.

இனி ஒரு சிறு நிகழ்ச்சி. ஆண்டுக்கு ஒரு நாள் என் பணிக்கூடத்தைச் சிறுவர்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். 1843இல் அன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி கடற்பாசிகளைத் தாளின்மேல் வைத்து நீலப்படங்கள் எடுத்து நூலாக்கினார். அம்முறையைக் கற்பிக்க விரும்பி, ஆளுக்கோர் இலை கொண்டு வரச் சொன்னேன். எல்லோரும் பசும் இலைகளைப் பறித்து வந்தனர். ஒரு சிறுமி மட்டும் உதிர்ந்து கிடந்த அரசிலையைக் கொண்டுவந்தாள். பூச்சி அரித்து அதில் ஏழெட்டுத் துளைகள் இருந்தன. “வேறு நல்ல இலை கிடைக்கவில்லையா?” என்றேன். “இது தானாக விழுந்தது, ஐயா” என்றாள்.

அதையே வெயிலில் வைத்தோம். தாளை அலசியபோது வெண்ணிற இலையும், அதனுள் துளைகள் வழியே புகுந்த வெயில் இட்ட நீலப் புள்ளிகளும் தெரிந்தன. அன்று கிடைத்த படங்களில் அதுவே சிறந்தது. இன்றும் என் பணிக்கூடச் சுவரில் அது தொங்குகிறது.

அன்று வினவிய அம்மையாரை மீண்டும் காணும் பேறு எனக்குக் கிட்டவில்லை. அவரை அறிந்தவர் இவ்வவையில் இருப்பின், பாகுபலியின் படத்தை நீலத்தில் மறுபடியும் அச்சிட்டு வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.