கரியெல்லாம் வழுக்குவதில்லை

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தஞ்சை மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். வகுப்பில் நான் தவறாகச் சொன்ன ஒரு செய்தியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் கார்பன் பாடம். கிராஃபைட் உலர் மசகாகப் பயன்படுகிறது என்று நடத்திவிட்டு, "நம் ஊர் மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியில்தான் மை போட்டார்கள். கரியும் கார்பன், கிராஃபைட்டும் கார்பன். அதனால்தான் சக்கரம் வழுக்கி ஓடியது" என்றேன். பாடத்தை ஊரோடு இணைத்துவிட்ட மகிழ்ச்சி எனக்கு.

மறுநாள் ஒரு மாணவி எழுந்தாள். "சார், வைக்கோல் கரிய எங்க வீட்டுக் கதவுக் கீல்ல போட்டேன். முன்னைவிட அதிகமா சத்தம் போடுது. தாத்தா சிரிக்கிறாரு சார்." வகுப்பே சிரித்தது. "நீ சரியாகச் செய்திருக்க மாட்டாய், உட்கார்" என்றேன். அதன்பின் ஒரு வாரம் அவள் கை தூக்கவே இல்லை. அது என்னை உறுத்தியது.

ஒரு மாலை அவள் வீட்டுக்குப் போனேன். தாத்தா நெல் வண்டி ஓட்டியவர். திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னார்: "வழுக்குறது விளக்கெண்ணெய் சார். வெறும் எண்ணெய ஊத்துனா ஒழுகிடும். கரியப் பொடிச்சுக் குழைச்சா அச்சுலயே பிடிச்சு நிக்கும். அதுவும் கறுப்பா இருக்கும்போதே அணைச்சிடணும். வெள்ளைச் சாம்பலா போச்சுன்னா அச்ச அரிச்சிடும்."

அவர் சொன்னதற்கு வேதியியல் காரணம் உண்டு. நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி. கார்பன் எரிந்து போனபின் மிஞ்சும் சாம்பலில் பெரும்பங்கு அதுதான். மணலிலும் இருப்பது சிலிக்காவே. அது உரசினால் இரும்பு தேயத்தானே செய்யும்?

அப்படியானால் கிராஃபைட் மட்டும் ஏன் வழுக்குகிறது? அதில் கார்பன் அணுக்கள் அறுகோண வலைகளாக அமைந்து, தாள்போல அடுக்கடுக்காக இருக்கின்றன. ஓர் அடுக்குக்குள் அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், பிணைப்பு வலுவானது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடைவெளி 0.335 நானோமீட்டர், பிணைப்பு மிக மெலிது. அதனால் அடுக்குகள் எளிதில் சரிகின்றன. வைக்கோல் கரியில் இந்த ஒழுங்கான அடுக்கு இல்லை. தனிமம் ஒன்றே; அமைப்புதான் வேறு.

இன்னொன்றும் உண்டு. அடுக்குகள் நன்றாகச் சரிவதற்குக் காற்றின் ஈரமும் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின் இயந்திரங்களில் கார்பன் பிரஷ்கள் விரைவில் தேய்ந்து பொடியாயின. அங்கே காற்றில் ஈரம் மிகக் குறைவு என்பதே காரணம். நம் காவிரிப் படுகையில் அந்தக் கவலை இல்லை!

எண்ணெய் போட்ட இடத்தில் தூசி ஒட்டும். அரிசி ஆலையில் தவிட்டுத் தூசி எண்ணெயோடு சேர்ந்து பிசினாகிவிடும். பூட்டு, கீல் போன்ற மெதுவாக அசையும் பாகங்களில் உலர்ந்த கிராஃபைட் பொடிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கிரீஸ் கேட்கும் பால் பேரிங்கில் இந்தப் பொடியைத் தூவக் கூடாது. இதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். கிராஃபைட் எங்கோ கிடைக்கும் பொருளும் அல்ல. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டி எடுக்கிறது.

மறுநாள் வகுப்பில், "நான் சொன்னது தவறு, இவள் செய்து பார்த்ததுதான் சரி" என்றேன். பிறகு எல்லாரும் சேர்ந்து சோதித்தோம். ஒரே மாதிரியான மூன்று பழைய கீல்களை எடுத்துக்கொண்டோம். ஒன்றில் வைக்கோல் கரிப்பொடி, ஒன்றில் அதே கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மை, ஒன்றில் 6பி பென்சிலைத் தேய்த்து எடுத்த பொடி. சாதாரணப் பென்சிலில் களிமண் அதிகம், அதனால்தான் 6பி. முதல் கீல் முனகியது. மற்ற இரண்டும் இலகுவாக அசைந்தன. மிக்சி பழுதுபார்க்கும் கடையிலிருந்து தேய்ந்துபோன கார்பன் பிரஷ் ஒன்றையும் ஒரு மாணவன் கொண்டுவந்தான். மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே உரசி ஓடும் கார்பன் அது.

உங்கள் பள்ளியிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். முடிவு பாடத்தோடு பொருந்தவில்லை என்று ஒரு குழந்தை வந்து சொன்னால், தயவுசெய்து 'உட்கார்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த மாணவி கேள்வி கேட்காமல் இருந்த ஒரு வாரத்தை என்னால் திருப்பித் தர முடியாது. இப்போது அவள் மறுபடியும் கை தூக்குகிறாள்.