கல் எடுத்த இடத்தில் காடு

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பு நாடிப் போலாரத்துக்கு வந்த நாம் கருங்கல் பூமியில் குடியேறியவர்கள். இப்பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமையுடையன என்பர் நிலநூலார். அப்பாறையைப் பிளந்தன்றோ நம் வீடுகளுக்குக் கடைக்கால் இட்டோம்! ஆதலின் கல்லுடைக்கும் தொழிலைப் பழிக்க நாம் முன்வரவில்லை. கல் வேண்டும், கல் எடுத்த குழியை அப்படியே விட்டுச் செல்லலாமா என்பதே நம் வினா.

முல்லையும் குறிஞ்சியும் வளங்குன்றினால் பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் காட்டும். அப்பாலையை மீண்டும் முல்லையாக்க இயலுமா? இயலும் என்பதற்குச் சான்று உண்டு.

கென்யா நாட்டு மொம்பாசா நகருக்கு அருகே பம்புரி சிமெண்டு ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் உள்ளது. அங்கே வெட்டி முடிந்த பகுதியில் 1971-இல் ரெனே ஹாலர் என்பார் 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். மூன்றே பிழைத்தன. அவற்றுள் ஒன்று, நம் கடற்கரைகளில் வளரும் சவுக்கு. ஆனால் அதன் சருகுகள் மட்காமல் கிடந்தன. ஹாலர் மரவட்டைகளைக் கொணர்ந்து விட்டார். அவை தின்று கழித்ததே மண்ணாயிற்று. பின்னர் அந்நிழலில் அந்நாட்டுக் காட்டு மரங்கள் வேரூன்றின. பறவையும் விலங்கும் வந்தன. அருகில் கல் வெட்டும் வேலையும் நடந்துகொண்டேயிருந்தது!

நம் நாட்டிலும், குருகிராமில் கல் வெட்டிச் சிதைந்த ஆரவல்லிக் குன்று நிலம், 2010 முதல் குடிமக்கள் முயற்சியால் அக்குன்றுக்கே உரிய மரஞ்செடிகளால் காடாகி வருகிறது. சுரங்கப்பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்ப்பதைக் குத்தகை நிபந்தனையாக்குமாறு 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

எனினும் வேலை முழுதும் முடியட்டும் எனக் காத்திருத்தல் தவறு. முதல் வெடி வைக்குமுன்பே மேல்மண்ணைத் தனியே குவித்துக் காத்தல் வேண்டும்; அதில் அவ்விடத்து விதைகள் உறங்குகின்றன. ஒரு பகுதி வெட்டி முடிந்தவுடன் அங்கே அதனைப் பரப்புதல் வேண்டும். கொம்பன் ஆந்தை கல்வெட்டுக் குழிகளின் பாறை விளிம்பிலும் முட்டையிடும். குஞ்சு பறக்கும்வரை அவ்விளிம்பில் வெடி வைத்தல் ஆகாது.

எதனை நடுவது? விரைவில் பச்சை காட்டும் என்று தைலமரத்தை நட்டுவிட்டால் அது காடு ஆகிவிடாது. தெலங்கானத்தின் மாநில மலர் தங்கேடு. அது நம் ஆவாரையே. மாநில மரம் ஜம்மி. அது நம் வன்னி. மாநிலப் பறவை பாலபிட்ட. அது நம் பனங்காடை. பதுக்கம்மாவுக்குப் பெண்கள் பறிக்கும் அப்பூவும், தசராவில் வணங்கும் அம்மரமும், அந்நாளில் தேடிக் காணும் அப்பறவையும் வறண்ட நிலத்தின் செல்வங்கள். பெயர்தான் வேறு, நாம் பிறந்த மண்ணிலும் புகுந்த மண்ணிலும் அவை ஒன்றே. அவற்றை மீட்பது இரு வீட்டுக்கும் செய்யும் தொண்டாகும்.

நம்மில் கட்டடத் தொழில் புரிவோர் பலர். கல் வாங்கச் செல்லுமிடத்தில் விலை கேட்கும்போதே, "மேல்மண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்றும் ஒரு சொல் கேளுங்கள். வாங்குவோர் கேட்டால் விற்போர் எண்ணிப் பார்ப்பர். அதற்குச் செலவு ஏதுமில்லை.