தக்காளியின் கெட்டித்தன்மையை அளந்து பறியுங்கள்



தக்காளிக் கூடையைக் கமிஷன் மண்டியில் இறக்கியவுடன் வியாபாரி முதலில் என்ன செய்கிறார்? ஒரு பழத்தை எடுத்துக் கட்டை விரலால் அழுத்துகிறார். "இளகிவிட்டது" என்று ஒரு சொல். விலை அங்கேயே இறங்கிவிடுகிறது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் கூறவில்லை. பல்லாண்டுப் பழக்கமுள்ள விரல் அது. ஆனால் அந்த விரலுக்குக் கணக்கு கிடையாது. காலையில் ஒரு மாதிரி அழுத்தும், வரத்து மிகுந்த நாளில் வேறு மாதிரி அழுத்தும்.

விரலுக்குப் பதில் ஒரு கருவி வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1925ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மேக்னஸ், டெய்லர் என்ற இருவர் ஆப்பிளுக்கென ஓர் அழுத்தமானியை வெளியிட்டனர். தோலைச் சிறிது சீவிவிட்டு, சுமார் 11 மி.மீ. தடிப்புள்ள உலோக முனையைச் சதைக்குள் சுமார் 8 மி.மீ. ஆழம் செலுத்துவார்கள். அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்பதை வில்தராசு காட்டும். சதை மென்மையான பழங்களுக்கு 8 மி.மீ. தடிப்புள்ள சிறு முனை. அதே முறை இன்றும் வழக்கில் இருக்கிறது.

தக்காளிக்கு இம்முறை அவ்வளவு பொருந்தாது. உள்ளே சாறும் விதையும் நிறைந்த அறைகள் இருப்பதால், குத்தினால் பழம் வீணாவதுதான் மிச்சம். தக்காளியைக் குத்தாமல், சிறிதளவு அமுக்கி அளப்பதே நல்லது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ரப்பரை அழுத்தி விட்டால் உடனே பழைய நிலைக்கு வந்துவிடும். வெல்லப்பாகை அழுத்தினால் அது விலகி ஓடும், திரும்பி வராது. தக்காளி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வேகமாக அழுத்தி எடுத்தால் ரப்பர் போல நடந்துகொள்ளும். அப்படியே நெடுநேரம் அழுத்தி வைத்தால் பாகு போல மெல்ல விட்டுக்கொடுக்கும். லாரியின் அடித்தட்டில் இருக்கும் பழம் ஏற்றும்போது நன்றாகத்தான் இருந்தது, விடிந்து பார்த்தால் தட்டையாகிக் கிடக்கிறதே, அதன் காரணம் இதுதான். சுமை கூடவில்லை. நேரம்தான் கூடியது.

ஆகவே ஒரு பழத்தைப் பற்றி இரண்டு அளவுகள் தெரிய வேண்டும். அழுத்தியவுடன் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது? அழுத்தத்தில் வைத்தால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது?

இதற்கு விலையுயர்ந்த கருவி வாங்க வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் மின்னணு எடைத்தராசு ஒன்று போதும். வில் வைத்த பழைய தராசு உதவாது, ஏனெனில் அதன் தட்டே கீழே இறங்கி ஆழத்தைப் பொய்யாக்கிவிடும். தராசின் மேல், அதைத் தொடாதவாறு, அசையாத மரச்சட்டம் ஒன்று அமையுங்கள். சட்டத்தின் குறுக்குக் கட்டையில் ஒரு நட்டைப் பொருத்தி, அதில் முழுநீளமும் மரை வெட்டிய 10 மி.மீ. போல்ட்டை மேலிருந்து இறக்குங்கள். முனையைப் பட்டறையில் கொடுத்து உருண்டையாக அராவிக்கொள்ளவும். தட்டை முனையாக இருந்தால் அதன் விளிம்பு தோலை வெட்டும். சாதாரண 10 மி.மீ. போல்ட்டை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் அது 1.5 மி.மீ. இறங்கும். ஆழத்தை அளக்க வேறு கருவியே தேவையில்லை.

பழத்தைத் தராசில் சிறு துணி வளையத்தின் மேல் உருளாமல் வைத்து, எடையைப் பூச்சியமாக்குங்கள். முனையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, எண் மெல்ல அசையத் தொடங்கும் வரை போல்ட்டை இறக்குங்கள். அங்கிருந்து ஒரே சீராக ஒரு முழுச் சுற்று. உடனே காட்டும் கிராம் அளவைக் குறிக்கவும். பிறகு எதையும் தொடாமல் அரை நிமிடம் காத்திருங்கள். எண் தானாகவே குறைந்துகொண்டு வரும். தராசு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம், பழம் விட்டுக்கொடுப்பதைத்தான் அது காட்டுகிறது. அரை நிமிட முடிவில் உள்ள எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். செங்காயில் முதல் எண் பெரிதாக இருக்கும். நன்கு பழுத்ததில் முதல் எண்ணே சிறிது, பொதுவாக அதிலும் பெரும்பங்கு குறைந்துவிடும்.

சுற்றின் அளவை மட்டும் கண்டிப்பாகக் காக்க வேண்டும். உருண்டை முனை எப்படி இறங்கும் என்பதற்கு ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1880களிலேயே கணக்கு வகுத்திருக்கிறார். அதன்படி, ஆழம் இரு மடங்கானால் விசை இரு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய 2.8 மடங்காகிறது. கால் சுற்றுப் பிழைகூட எண்ணைப் பெரிதும் மாற்றிவிடும்.

இன்னொரு தவறும் எளிதில் நேரும். தக்காளியைக் குறுக்கே அறுத்தால் அறைகளையும் அவற்றைப் பிரிக்கும் சதைச் சுவர்களையும் காணலாம். சுவருக்கு நேராக அழுத்தினால் எண் கூடும், அறைக்கு நேராக அழுத்தினால் குறையும். எனவே ஒவ்வொரு பழத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடங்கள், ஒவ்வொரு பறிப்பிலும் பத்துப் பழங்கள் என்று பார்த்துச் சராசரி எடுப்பது நலம். வெயிலில் சூடேறிய பழம் இளகிக் காட்டும். காலையில் பறித்து நிழலில் ஆறிய பழங்களையே எப்போதும் சோதியுங்கள்.

எத்தனை கிராம் இருந்தால் அனுப்பலாம் என்று கேட்பீர்கள். இதற்கு நான் ஓர் எண் சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது. இரகம், முனையின் உருண்டை, பழத்தின் பருமன் எல்லாம் அதில் சேர்கின்றன. ஒவ்வொரு லோடுக்கும் சராசரியை நோட்டில் எழுதி, எதிரில் எந்தச் சந்தைக்குப் போனது, எத்தனை பெட்டி நசுங்கியது என்பதையும் எழுதுங்கள். சில பறிப்புகளுக்குள், எந்த எண்ணுக்குக் கீழே போனால் தொலைதூரச் சந்தை ஆகாது என்பது உங்கள் நோட்டிலேயே தெரிந்துவிடும். அந்த எண்ணுக்கு மேல் இருந்தால் தூரத்துக்கு அனுப்புங்கள். கீழே இருந்தால் அன்றே பக்கத்துச் சந்தையில் தள்ளிவிடலாம், அல்லது ஆழம் குறைந்த பெட்டியில் குறைந்த அடுக்காக ஏற்றலாம். மண்டிக்காரர் உங்கள் நோட்டைப் பார்த்து விலை கூட்டப்போவதில்லை. என்று பறிப்பது, எங்கே அனுப்புவது என்பவை உங்கள் கையில் இருக்கும் முடிவுகள். நோட்டு அவற்றுக்குத்தான்.

சோதித்த பழங்களைப் பெட்டியில் திரும்பச் சேர்க்க வேண்டாம். மேலுக்குத் தெரியாவிட்டாலும் அழுத்திய இடம் முதலில் கெடும். அன்றைய குழம்புக்கு வீட்டில் கொடுத்துவிடுங்கள்.