கரைவலைச் சம்மாட்டியின் ஆண்டு



வெள்ளவத்தையில் ரயில் பாதையோரமாக மாலையில் நடப்பவர்கள் கண்டிருப்பீர்கள். வைகாசியில் சோளகக் காற்று பலத்தால் அலை கல்லில் மோதித் தண்டவாளம் வரை தெறிக்கும். மேற்குக் கடலில் கரைவலை போட முடியாத காலம் அது. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சம்மாட்டிகள் பலர் அதற்கு முன்பே வலை, கயிறு, அரிசி மூட்டை, ஆட்கள் சகிதம் கிழக்கே போயிருப்பார்கள். முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலைக் கரைகளில் வாடி என்னும் தற்காலிகக் குடில் அடித்துப் புரட்டாதி வரை அங்கேதான் சீவியம். வாடை எழுந்து கிழக்குக் கடல் குழம்பும்போது ஊர் திரும்புவார்கள். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலும், 1978இல் வந்த அதன் திரைப்படமும் நெடுந்தீவில் வாடி போட்டவர்களின் கதைதான்.

சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அவருடைய உண்மையான வேலை ஆட்களைக் கட்டிக் காப்பது. பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முற்பணம் கொடுக்க வேண்டும். மீன் படாத நாளிலும் வாடியில் உலை கொதிக்க வேண்டும். செலவு போக மிஞ்சுவதில் வலைக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரியும். விகிதம் கரைக்குக் கரை வேறு. முற்பணம் கடனாகித் தொழிலாளியின் கழுத்தை இறுக்கிய கதைகளும் உண்டு. அதை மறைத்து இந்தத் தொழிலைப் புகழ எனக்கு மனமில்லை.

ஆனாலும் வலை இழுக்கும் வேளையைப் பாருங்கள். கயிற்றின் ஒரு நுனி கரையில் நிற்கும். தோணி வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டே போய், மறு நுனியைச் சற்றுத் தள்ளிக் கரை சேர்க்கும். இரண்டு அணிகள் மணலில் கால் புதைத்து இழுத்தபடி ஒன்றையொன்று நெருங்கி வரும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் தப்பும். நீரோட்டம் இழுக்கும் திசையைப் பார்த்து, ஓரணியை நிறுத்தி மற்றதை விரைவுபடுத்தச் சம்மாட்டிக்கோ மூத்தவருக்கோ கண் வேண்டும். அத்தனை கைகளையும் ஒரே மூச்சுக்குக் கொண்டுவருவது அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் ஏற்கும்போது, ஏற்கும் அந்த இடத்தில்தான் இழுவை விழும். மீன் சேரும் வலையின் மடி கரைக்குக் கிட்டக் கிட்டப் பாட்டும் விரையும். உழைப்பின் தேவையே தாளத்தை வகுத்த கலை இது. நம் மேடைகளில் இதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

இப்போது கரைவலை போடும் இடங்களான பாடுகள் பலவற்றில் உழவு இயந்திரம் கயிற்றை இழுக்கிறது. ஆள் கிடைப்பதில்லை என்று சம்மாட்டிகள் சொல்வது பொய்யல்ல. இளையவர்கள் வெளிநாடு போகவே விரும்புகிறார்கள். ஆனால் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. வலை கடலடியை வாரிக்கொண்டு வருகிறது, குஞ்சு மீனும் சேர்ந்து வருகிறது என்று சிறு மீனவர்கள் முறையிடுகிறார்கள். அவர்கள் பக்கம்தான் நான் நிற்பேன். இயந்திரம் இழுக்கும் கரையில் பாட்டுக்கும் வேலையில்லை.

கொட்டாஞ்சேனையில் சூடையும் நெத்தலியும் வாங்கும் நம் வீடுகளுக்கும் இந்தக் கரைகளோடு தொடர்புண்டு. பாடுகளுக்கு உரிமம் கொடுப்பவர்கள் கையிழுப்புக்கு முன்னுரிமை தரட்டும். வானொலிக்காரர்கள் வருகிற பருவத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு வாடிகளுக்குப் போக வேண்டும். அம்பாவுக்கு அடியெடுக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.