தண்ணி மாதிரி இருக்கிறதெல்லாம் தண்ணியில்லை

(கலஹாப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்டது இரசாயனம். அது ஆறாம் வகுப்புக்குப் பிறகு டீச்சர் படிப்பிக்கிற பாடம், நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். ஆனால் டீச்சர் அதைத் தொடங்குறதுக்கு முன்னமே நாலு வயசுப் பிள்ளை லயத்துல அந்தச் சாமான்களோடதான் விளையாடுது.

பிள்ளைகள் ஒரு சாமானை எதை வைத்து அடையாளம் பிடிக்குதுகள்? நிறத்தையும் போத்தலையும் வைத்துத்தான். சோடாப் போத்தலில் இருந்தால் அது சோடா. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் அது தண்ணி. நாம் என்ன செய்கிறோம்? 2022ஆம் ஆண்டு வரிசையில் காத்து நின்று வாங்கின மண்ணெண்ணெயை எதிலே ஊற்றி வைத்தோம் என்று யோசித்துப் பாருங்க. இன்றைக்கும் அடுப்புப் பற்றவைக்கிற மண்ணெண்ணெய், பல வீடுகளில் அதே சோடாப் போத்தலில், அதே தட்டுக்குக் கீழேதான் இருக்குது.

மண்ணெண்ணெய் குடிச்ச பிள்ளைக்கு ஆபத்து வயிற்றில் மட்டும் இல்லை, நெஞ்சிலே. அது தண்ணியை விட லேசான, வழுக்கி ஓடுற எண்ணெய். விழுங்கும்போது கொஞ்சம் சுவாசப்பைக்குள்ளே போனாலே போதும், மூச்சுக் கஷ்டமாகிவிடும். வாந்தி எடுக்க வைத்தால் திரும்ப ஒரு தடவை அந்தப் பக்கம் போகும். அதனால்தான் சொல்கிறோம்: தொண்டையில் விரல் விடாதீங்க, உப்புத் தண்ணி கொடுக்காதீங்க. உடனே 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அடிச்சு, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. குடிச்ச போத்தலையும் கையோடு எடுத்துப் போங்க. என்ன குடிச்சது என்று டொக்டருக்குத் தெரிய வேணும்.

"தொடாதே" என்று மட்டும் சொன்னால் பிள்ளை கேட்காது. நாம் மலைக்குப் போன பிறகு அந்தச் சொல்லும் நம்மோடு மலைக்குப் போய்விடும். ஏன் தொடக்கூடாது என்று பிள்ளைக்கே விளங்கினால்தான் அது வீட்டிலே நிற்கும். இதற்கு ஆய்வுகூடம் ஒன்றும் வேண்டாம். ஒரு கிளாஸ் தண்ணியில் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றிக் காட்டுங்க. கலக்காது, மேலே மிதக்கும். மண்ணெண்ணெயும் அப்படித்தான், பார்க்கத் தண்ணி, ஆனால் தண்ணியோடு சேராது என்று சொல்லுங்க. என்ன சாமான் என்று தெரியாவிட்டால் நாக்கில் வைத்துப் பார்க்கிறது மட்டும் கூடவே கூடாது என்பதையும் அதே நேரத்தில் சொல்லுங்க.

அடுத்தது ஆராத்தி. சமைஞ்ச பிள்ளைக்கும் கலியாண வீட்டிலும் சுற்றுகிறோமே, அந்தச் சிவப்புத் தண்ணிக்குக் குங்குமமா கரைக்கிறோம்? மஞ்சளும் வெற்றிலைச் சுண்ணாம்பும்தான். மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு பட்டதும் இரத்தச் சிவப்பாகிறது. அதிலே தேசிக்காயைப் பிழிஞ்சு விட்டுப் பாருங்க, திரும்ப மஞ்சள். புளிப்பான சாமான் அமிலம், சுண்ணாம்பும் சோப்பும் காரம். காரம் என்றால் மிளகாய்க் காரம் இல்லை, விஞ்ஞானத்தில் சொல்கிற காரம். பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கறி கொட்டின இடத்தில் சோப்புப் போட்டதும் சிவக்குதே, அதுவும் இதேதான். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு நாளைக்கு டீச்சர் அமிலம், காரம் என்று கரும்பலகையில் எழுதும்போது பயம் வராது.

சுண்ணாம்பு என்றதும் இதையும் சொல்லியாக வேணும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பையைப் பிள்ளைகள் அமுக்கி விளையாடுதுகள். அது பிதுங்கிக் கண்ணில் தெறிச்சால் பார்வையே போகலாம். காரம் கண்ணின் மேலே நிற்காது, உள்ளே உள்ளே தின்று கொண்டு போகும். உடனே சுத்தமான தண்ணியை அரை மணித்தியாலம் விடாமல் ஊற்றிக் கழுவ வேணும், இமைக்குள்ளே ஒட்டியிருக்கிற துணுக்கும் வெளியே வர வேணும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. தேசிக்காய் சுண்ணாம்பை மாற்றுகிறதே என்று யாரும் கண்ணில் பிழிஞ்சு விடாதீங்க! அது கிளாஸுக்குள்ளே செய்கிற வேலை, கண்ணுக்குள்ளே செய்கிற வேலை இல்லை.

வெள்ளைச் சாமான்களும் இப்படித்தான். சீனி, உப்பு, யூரியா, டொலமைட், சுண்ணாம்பு எல்லாம் வெள்ளை. யூரியாவைக் கரைக்கிற ஆட்களுக்குத் தெரியும், வாளித் தண்ணி சில்லென்று குளிர்ந்துவிடும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணி விட்டால் கொதிக்கும். நிறம் ஒன்று, குணம் இரண்டு. மலைக்குப் போடுகிற டொலமைட் நம்ம கண்டி மாவட்டத்துத் திகனப் பக்கம் வெட்டி எடுக்கிற கல்லின் தூள்தான். தேயிலைக்குக் கொஞ்சம் அமில மண் பிடிக்கும். ஆனால் வருஷக்கணக்கில் உரம் போட்டுப் போட்டு அமிலம் கூடிப்போன மண்ணுக்கு அதைப் போட்டுச் சரிப்படுத்துகிறோம். தேசிக்காயும் சுண்ணாம்பும் செய்ததைத்தான் மண்ணும் டொலமைட்டும் செய்யுது.

இப்போது தாய்மார் கவனமாகக் கேட்க வேண்டிய இடம். கவ்வாத்துக் கத்தி ஏன் கறுத்துப் போகுது? தேயிலைச் சாற்றில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. பழைய ஆணி ஒன்றைச் சாயத் தேத்தண்ணியில் இராத்திரி முழுக்கப் போட்டு வையுங்க, காலையில் மை மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் எழுதுகிற மையையே துவர்ப்புச் சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்துதான் செய்தார்கள். சரி, இதே வேலை வயிற்றுக்குள்ளேயும் நடந்தால்? கர்ப்பிணித் தாய்க்கு மிட்வைஃப் அம்மா இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கிறாங்க. அதைச் சாயத் தேத்தண்ணியோடு விழுங்கினால், இரும்பில் ஒரு பங்கைத் தேத்தண்ணி பிடிச்சுக்கொள்ளும், இரத்தத்துக்குப் போகிறது குறைஞ்சு போகும். சாப்பாட்டில் உள்ள இரும்புக்கும் அதே கதி. ரொட்டியும் தேத்தண்ணியுமாக இருக்கிற நம்ம காலைச் சாப்பாட்டுக்கு இது பெரிய விஷயம். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நின்று அப்படிச் சொன்னால் யார் கேட்பாங்க? சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்க. குளிசையைத் தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்க. புளிப்பும் அதில் உள்ள விட்டமின் சீயும் இரும்பு உடம்பில் ஏற உதவும். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க.

ஸ்டோரிலே நடக்கிறதும் இரசாயனம்தான். பச்சைக் கொழுந்து ஏன் சிவந்து கறுக்குது? சுருட்டும்போது இலை நசுங்கி, சாறு வெளியே வந்து, காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேருது. நொதிக்கப் போடுறது என்று பேர் சொன்னாலும் அது கிருமி செய்கிற வேலை இல்லை. வெட்டி வைத்த வாழைக்காய் கறுக்கிற மாதிரித்தான். சூட்டில் போட்டதும் நின்றுவிடும். இங்கிருந்து தெல்தோட்டைப் பக்கமாகப் போனால் வருகிற லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அவருக்கு முதலில் மெஷின் கிடையாது. பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி நெருப்பில் காய வைத்தார்கள். அன்றைக்கிருந்து இந்த இரசாயனத்தை நம்ம ஆட்கள் கையால் செய்து வருகிறார்கள். நம்ம பிள்ளைக்கு மட்டும் அது எட்டாத பாடம் என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

கடைசியாகப் புல்லு மருந்து. வயசான ஆட்களுக்குக் கிரமக்சோன் ஞாபகம் இருக்கும். மருந்தின் பேர் பராகுவாட். முதலில் அது கறுத்த பானம் மாதிரி இருந்து, பல நாடுகளில் தெரியாமல் குடிச்சவங்க உயிர் போனதால்தான் கம்பெனியே நீல நிறமும் கெட்ட வாடையும் வாந்தி வர வைக்கிற மருந்தும் அதிலே சேர்த்தது. நம்ம நாட்டில் 2008க்கும் 2011க்கும் இடையில் அதைப் படிப்படியாக நிறுத்தினாங்க. இப்போது அடிக்கிறது வேறு மருந்துகள். அவற்றில் எதையும் வேறு போத்தலில் மாற்றி லயத்துக்குக் கொண்டு வரக்கூடாது. வெறும் கேனைக் கழுவித் தண்ணி பிடிக்கவும் கூடாது, எத்தனை தரம் கழுவினாலும் சரி.

வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு, இதே பிள்ளைக்காம்பராவில், ஆறு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இவற்றைச் செய்து காட்டப் போகிறோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டு மஞ்சள், பாதித் தேசிக்காய், ஒரு பழைய இரும்பு ஆணி கொண்டு வந்தால் போதும். சாயத் தேத்தண்ணி இங்கே ஊற்றித் தருவோம். சுண்ணாம்பை நாங்களே கொண்டு வருகிறோம், பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றி வைக்க ஒரே மாதிரிக் கேன்கள், மூடியும் சிவப்பு அடையாளமும் போட்டு, கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறோம். வேணுமென்கிறவங்க இப்போது போகும்போதே பேரைக் கொடுத்துவிட்டுப் போங்க.