வில்லா கார்டாலில் தொடங்கிய வகுப்பு

தென் அமெரிக்காவில் உருகுவே என்றொரு சின்ன நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 35 லட்சம்தான். 2007 மே மாதம், வில்லா கார்டால் என்ற சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மடிக்கணினியைக் கொடுத்தார்கள். 2009 முடிவதற்குள் நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது. திட்டத்தின் பெயர் செய்பால்.

வெள்ளையும் பச்சையுமான அந்தக் கணினியைப் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்திருந்தார்கள். சுள்ளென்ற வெயிலிலும் திரையில் எழுத்து தெரியும். விசைப்பலகை ரப்பரால் ஆனது. தூசியும் தண்ணீரும் எளிதில் உள்ளே போகாது. வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். புத்தகமே இல்லாத வீட்டுக்குள் அது நுழைந்தது பெரிய விஷயம் என்பேன்.

ஆனால் கருவி மட்டும் போதாது. பெரு நாடும் இதே கணினியை லட்சக்கணக்கில் வாங்கியது. ஆய்வு செய்தபோது கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை. பெரும்பாலான கிராமப் பள்ளிகளில் இணையமே இல்லை. உருகுவேயிலும் முதல் சில ஆண்டுகளில் மதிப்பெண் உயரவில்லை.

அதற்காக உருகுவேக்காரர்கள் சோர்ந்துவிடவில்லை. அங்கே பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர்கள் போதவில்லை. அதனால் 2012 முதல், எங்கோ தொலைவில், சில நேரம் வேறு நாட்டில் இருக்கும் ஆசிரியர் காணொளி வழியே பாடம் நடத்துகிறார். வகுப்பாசிரியரும் கூடவே இருந்து, மற்ற நாட்களில் பயிற்சி தருகிறார். தானும் பிள்ளைகளோடு சேர்ந்து ஆங்கிலம் கற்கிறார்.