இரும்புச்சத்து டிரிப்ஸுக்குப் பிறகு எலும்பு வலித்தால்...



ரத்த சோகைக்கு டிரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றிக்கொண்டவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பிரசவ நாள் நெருங்கியும் ஹீமோகுளோபின் ஏறாத தாய்மார்களுக்கும் அது பெரிய உதவி. அதனால முதல்லயே சொல்லிடறேன்: இதைப் படிச்சிட்டு யாரும் டிரிப்ஸ் வேண்டாம்னு சொல்லிடாதீங்க.

ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். இந்த மருந்துகளில் ஒன்றான ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ், உடலில் எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோனைக் கூட்டிவிடலாம். அப்போது சிறுநீரில் பாஸ்பேட் அதிகமாக வெளியேறும். 2020-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த இரண்டு ஆய்வுகளில், இந்த மருந்து பெற்றவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் பாஸ்பேட் குறைந்தது. ஃபெரிக் டெரிஐசோமால்டோஸ் என்ற வேறு மருந்து பெற்றவர்களில் சுமார் 8 பேருக்குத்தான் குறைந்தது.

பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் சில வாரங்களில் அதுவே சரியாகிவிடும். திரும்பத் திரும்ப டிரிப்ஸ் போடுகிறவர்களில் மிகச் சிலருக்கு மட்டும் பாஸ்பேட் நீண்டநாள் குறைந்தே இருந்து, எலும்பு மென்மையாகிவிடுகிறது. இடுப்பு, விலா, பாதம் வலிக்கும். அடிபடாமலே விரிசல்கூட விழலாம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 நவம்பரிலேயே இதை எச்சரித்தது.

சிக்கல் எங்கே தெரியுமா? பாஸ்பேட் குறைந்தாலும் அசதி, தசை பலவீனம் வரும். “ரத்தம் மறுபடி குறைஞ்சிடுச்சு போல”ன்னு நாமே நினைச்சு இன்னொரு டிரிப்ஸ் போட்டுக்கிட்டா, பாஸ்பேட் இன்னும் இறங்கும்.

அதனால் மூன்று காரியம் செய்யுங்க:

1. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதி? மருந்துச் சீட்டை போனில் படம் எடுத்து வைங்க.

2. டிரிப்ஸுக்குப் பிறகு அசதி கூடினாலோ, எலும்பு வலித்தாலோ, மாடிப்படி ஏற முடியாவிட்டாலோ டாக்டரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்க. “பாஸ்பேட் டெஸ்ட் பார்க்கலாமா?” என்று கேளுங்க. அது சாதாரண ரத்தப் பரிசோதனைதான். கால்சியம் மட்டும் பார்த்தால் இது தெரியாமல் போகலாம்.

3. பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால், தேசிய மருந்துப் பாதுகாப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-ல் நீங்களே தெரிவிக்கலாம்.

காரணம் தெரிந்துவிட்டால் டாக்டர் வேறு இரும்பு மருந்துக்கு மாற்றுவார். தேவைக்கேற்ப வைட்டமின் டி, பாஸ்பேட் தருவார். நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

ரத்தமும் ஏறணும், எலும்பும் உறுதியா இருக்கணும். அதுக்கு அந்த ஒரு கேள்வியை மறக்காம கேளுங்க.